பழைய டியூப் ஆம்ப்பில் இரைச்சல்: கேள்வி பதில்

கேள்வி: சார், என் டியூப் ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஆன் செய்தாலே ஒரே ரீங்காரம். கிட்டார் கேபிளைக் கழற்றினாலும் நிற்கவில்லை. டியூப் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் காதால் தேடுங்கள். வால்யூமை அடியோடு குறைத்தும் சத்தம் அப்படியே இருந்தால், கோளாறு அந்தக் கன்ட்ரோலுக்குப் பிந்தைய பகுதியிலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது. அடுத்து சுருதி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால், கிட்டாரின் ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் கிட்டத்தட்ட அதோடு ஒட்டினால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கலாம், அல்லது ஸ்பீக்கரை இயக்கும் ஜோடி பவர் டியூப்களில் ஒன்று வலுவிழந்திருக்கலாம். ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில் உறுமினால், டியூபைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிங்கைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் இவை 120, 60 ஆகும்.

கேள்வி: அந்தக் கெபாசிட்டரை நானே மாற்றலாமா?

பதில்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும். அந்த மின்னூட்டத்தை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் சரிபார்க்கும் பழக்கம் இல்லையென்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, ரீங்காரம் இல்லை, 'ஸ்ஸ்' என்ற சத்தம்தான். நடுநடுவே பொரிகிறது.

பதில்: தம்பி, அது பெரும்பாலும் முதல் டியூபின் பிளேட் ரெசிஸ்டர், அதாவது டியூபின் பிளேட் முனைக்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டர். பழைய கார்பன் காம்போசிஷன் வகை, 100 கிலோஓம். அங்கே பிறக்கும் சிறு சத்தத்தைப் பின்னால் வரும் நிலைகள் எல்லாம் பெருக்கிவிடும். அந்த ஒன்றை மட்டும் மெட்டல் ஃபிலிமாக மாற்றச் சொல்; அதன் வாட் அளவும் வோல்ட் தாங்கும் திறனும் போதுமா என்று பார்க்கச் சொல். பழைய ஆம்ப்பின் மற்ற பாகங்களைக் காரணமில்லாமல் கழற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கழற்றியதையும் எறியாமல் பத்திரமாக வை.

கேள்வி: ஸ்பீக்கர் அதிரும்போது 'டிங்' என்று ஒரு மணியோசை கேட்கிறது.

பதில்: டியூப் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வை மைக் போலச் சத்தமாக மாற்றுகிறது. ஆம்ப் ஓடும்போது ப்ரீஆம்ப் டியூப்களை (பவர் டியூப்களுக்கு முன்னால் உள்ள சிறியவை) ஒவ்வொன்றாகப் பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். எது ஸ்பீக்கரில் பலமாக ஒலிக்கிறதோ அதுதான். அதே வகை டியூப் பின்னால் வரும் நிலையில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

கேள்வி: கிட்டார் வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது சார். ஹம்மும் (ரீங்காரமும்) உண்டு.

பதில்: உங்கள் ஆம்ப்பில் இருப்பது எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்காக இருக்கும். இன்றே வாசிப்பதை நிறுத்துங்கள். எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போட்டு, மெயின்ஸையும் சேஸிஸையும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) இணைக்கும் கெபாசிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அது ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுக்க மின்சாரம் பாயும். ஹம்மை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.