கரும்பலகைக்கு முன் நின்றவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

உயர்நிலைப்பள்ளிக் காலத்தில் உங்கள் மனத்தில் ஆழப் பதிந்த ஆசிரியர் யார் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் பல, நினைவைச் சொல்வதோடு நில்லாமல் கேள்வியும் கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிட இருக்கிறோம். ஆசிரியர்களைப் பற்றி வந்துள்ள கட்டுரைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘அறிவுக்கண் திறந்தவர்’, ‘ஏணியாக நின்றவர்’ என்ற சொற்கள் இல்லாத கட்டுரையே இல்லை. எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது?
— மலர்க்குழு உறுப்பினர், மயிலாடுதுறை

பதில்: எந்த ஆசிரியருக்கும் பொருந்துகிற புகழ்ச்சி, அந்த ஒரு ஆசிரியரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பெயரை மாற்றிப்போட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும் என்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், அவர் என்ன செய்தார், மாணவன் தவறு செய்தபோது எப்படி நடந்துகொண்டார் என்ற நான்கு கேள்விகளையும் உடன் அனுப்புங்கள்.

நான் சொல்வது விளங்குவதற்காக, பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு வேதியியல் கற்பித்தவரைப் பற்றிச் சொல்கிறேன். கொடுத்த உப்பில் என்னென்ன இருக்கின்றன என்று ஆராயும் உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டைக் கண்டறியப் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. உப்புக் கரைசலோடு புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் உட்சுவர் வழியாகத் துளித்துளியாக இறக்க வேண்டும். கனமான அமிலம் அடியில் போய்த் தங்க, இரண்டு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றினாலும் குழாயைக் குலுக்கினாலும் வளையம் கலைந்துவிடும். பெரஸ் சல்பேட் கரைசல் நாள்பட்டதாக இருந்தாலும் சோதனை சரிவர அமையாது என்பதால், ஆய்வக வகுப்பு உள்ள நாள்களில் அவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து அந்தக் கரைசலைத் தம் கையாலேயே தயாரித்து வைப்பார்.

எங்களில் பலர் வளையம் வந்தாலும் வராவிட்டாலும் ‘பழுப்பு வளையம் தோன்றியது’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவோம்; புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது! அவர் முதலில் குழாயைத்தான் பார்ப்பார், பிறகுதான் நோட்டைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திட்டமாட்டார். “வளையம் எங்கே இருக்கிறது, காட்டு” என்பார். காட்ட முடியாதவனை ‘வளையம் தோன்றவில்லை’ என்று எழுதச் சொல்லி, அதன்கீழே கையொப்பம் இட்டுவிட்டு, மறுபடியும் செய்து பார்ப்பதற்கு இன்னொரு சிட்டிகை உப்பைக் கொடுப்பார். வளையம் வராததற்காக அவர் ஒருவருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. வந்ததாகப் பொய் எழுதியவனுக்கு மட்டும் குறைத்தார். வேதியியல் எனக்கு இன்று பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆனால் காணாததைக் கண்டதாக எழுத இன்றுவரை என் கை கூசுகிறது என்றால் அதற்குக் காரணம் அவர்தான். அவரை நீங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தச் சில வரிகளைக் கொண்டே அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களால் சொல்ல முடியும். உங்கள் மலருக்கு வேண்டியவை இத்தகைய கட்டுரைகள்தாம்.

கேள்வி: ஆசிரியர் அடித்ததால்தான் தாம் முன்னுக்கு வந்ததாக என் தந்தை அடிக்கடி சொல்வார். அப்துல் கலாமே அடி வாங்கியவர்தான் என்றும் எடுத்துக்காட்டுவார். இதை ஏற்கலாமா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தங்கள் தந்தை குறிப்பிடும் நிகழ்ச்சி உண்மையானதுதான். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் வேறொரு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தவறுதலாக அந்த அறைக்குள் நுழைந்துவிட்ட கலாமைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்கள் கழித்துக் கலாம் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றபோது, அதே ஆசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்த நிகழ்ச்சியைத் தாமே எடுத்துச் சொல்லி, இந்தப் பையன் பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை தேடித்தருவான் என்று பாராட்டினார். கலாம் தம் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே பள்ளியில் தமக்கு வழிகாட்டியாக அமைந்தவர் என்று அவர் போற்றுவது அய்யாதுரை சாலமனை. விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் வசப்படுத்திக்கொண்டால் நினைத்ததை அடையலாம் என்று அவர் கற்பித்ததைக் கலாம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்த ஆசிரியர் பிரம்பைக் கொண்டு அவர் மனத்தில் இடம்பெறவில்லை. இராமகிருஷ்ண ஐயரின் அடிகூட, பின்னர் பள்ளி முழுவதும் கேட்கக் கிடைத்த பாராட்டினால்தான் இனிய நினைவாக மாறியது என்பது என் எண்ணம். மேலும், அடி வாங்கியும் உயர்ந்தவர்கள் தன்வரலாறு எழுதுகிறார்கள். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டே நின்றுவிட்டவர்கள் எழுதுவதில்லை. அவர்களுடைய சாட்சியமும் கிடைத்தால்தான் இந்த வழக்கு நேர்மையாகத் தீரும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருப்பதைத் தந்தையிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் தம் ஆசிரியர்மீது வைத்திருக்கும் அன்பை மட்டும் மறுத்துப் பேசாதீர்கள், அது வேறு.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றபோது, அவருக்குப் பதிலாக ஒருவர் சில மாதங்கள் மட்டும் வந்தார். இன்று எனக்கு நினைவில் நிற்பவர் அவர் ஒருவர்தான். இது நன்றி மறத்தல் ஆகுமா?
— இல்லத்தரசி, தேனி

பதில்: ஆகாது. மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தற்காலிகத் தமிழாசிரியராக ஒருவர் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அவர் சுப்பிரமணிய பாரதி. அந்தச் சில மாதங்களை மதுரை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஆசிரியர் ஒருவர் பெரிய படிப்பாளி. ஆனால் அவர் நடத்தியது எங்களுக்கு விளங்கியதே இல்லை. எல்லோரும் அவரைப் புகழும்போது எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. என்மீது குறை உள்ளதா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: உங்கள்மீது குறை இல்லை. கற்றிருப்பதும் கற்பிப்பதும் வேறு வேறு என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை சொன்னதோடு விட்டுவிடவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதற்கும் ‘கழற்குடம் மடற்பனை பருத்திக் குண்டிகை முடத்தெங்கு’ என்று நான்கு உவமைகளைச் சொன்னார். குடத்துக்குள் கழற்காய் என்னும் உருண்டைக் கொட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கவிழ்த்தால் அவை போட்ட முறையில் வெளியே வருவதில்லை. தாம் கற்ற முறையை விட்டுவிட்டுத் தோன்றியபடி கொட்டுகிற ஆசிரியர் அப்படிப்பட்டவர். கருக்கு மட்டைகளோடு நிற்கும் பனை யாரையும் ஏறவிடாது. அதுவாகப் பழத்தை உதிர்த்தால்தான் உண்டு. குறுகிய வாயுள்ள குடுவையான குண்டிகைக்குள் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்க முடியும், எடுக்கும்போதும் சிறிது சிறிதாகத்தான் வரும். முடத்தெங்கோ, தண்ணீர் ஊற்றி வளர்த்தவனுடைய தோட்டத்தில் நின்றுகொண்டு, வளைந்து போய் அடுத்தவன் தோட்டத்தில் காயை உதிர்க்கும்.

நான்கில் முதலாவது உங்கள் ஆசிரியருக்குப் பொருந்தக்கூடும் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அவருடைய அறிவுக்கு மரியாதை செலுத்துங்கள், அது போதும். மற்றவர்கள் உணரும் நன்றியை நீங்களும் உணர்வதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முடத்தெங்கு போன்றவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. தம்முன் அமர்ந்திருக்கும் வகுப்பை விட்டுவிட்டு, மாலையில் டியூஷனுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் மனம் ஒப்பிப் பாடம் சொல்லும் ஆசிரியரைப் பற்றி வேறு எப்படி எழுதுவது?

கேள்வி: நான் சுமாராகப் படித்தவன். எங்கள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோகும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். அற்பமான வேலைதான். ஆயினும் அதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறதே, ஏன்?
— ஆட்டோ ஓட்டுநர், கோயம்புத்தூர்

பதில்: அது அற்பமான வேலை அன்று, ‘உன்னை நம்புகிறேன்’ என்று வகுப்பே அறியும்படி அவர் சொன்னதாகும். கும்பகோணம் டவுன் உயர்நிலைப்பள்ளியில் கணித மேதை இராமானுஜன் படித்தபோது, சுமார் 1200 மாணவர்களை 35 ஆசிரியர்களுக்குப் பிரித்து ஒதுக்கும் சிக்கலான வேலையை மூத்த கணித ஆசிரியர் அந்த மாணவனிடம் ஒப்படைத்தார். 1904இல் கணிதப் பரிசு வழங்கும்போது தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் போதாது என்ற கருத்துப்படப் பேசினார். மாணவனின் ஆற்றலுக்குத் தக்க பொறுப்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பது ஆசிரியரின் கலை. மேதைக்கு மாணவர்களைப் பிரித்து ஒதுக்கும் வேலையும் உங்களுக்குப் பதிவேடும் கிடைத்தன. உங்கள் ஆசிரியர் சுமாராகப் படிக்கும் மாணவரைக் கவனித்துத் தேர்ந்தெடுத்தார் என்பதால் அவர்மீது எனக்குக் கூடுதல் மதிப்பு உண்டாகிறது.

கேள்வி: எனக்குப் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தவருக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊரில்தான் இருக்கிறார். இத்தனை ஆண்டுகள் கழித்துப் போனால் என்னை அடையாளம் தெரியுமா என்று தயக்கமாக இருக்கிறது. கடிதம் எழுதலாமா, நேரில் போகலாமா?
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். அதற்காக வருந்தாதீர்கள். ஆண்டுக்கு 150 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் 30 ஆண்டுப் பணிக்காலத்தில் 4500 முகங்கள் ஆகின்றன. அந்த முகங்களும் அவர் கடைசியாகக் கண்ட பதினைந்து வயதில் நின்றுவிடவில்லை.

முதலில் கடிதம் எழுதுங்கள், பிறகு நேரில் செல்லுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957இல் நோபல் பரிசு பெற்றபோது, தம் பழைய ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு நவம்பர் 19ஆம் தேதி ஒரு சிறு கடிதம் எழுதினார். அல்ஜியர்ஸில் வறிய குடும்பத்தில் வளர்ந்த காம்யு தொடக்கப்பள்ளியோடு வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். அவரை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்செய்து உயர்நிலைப்பள்ளிக்கு அனுப்பிவைத்தவர் ஜெர்மேன். பரிசுச் செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தாம் நினைத்தது அவரைத்தான் என்று காம்யு எழுதினார். ஆசிரியரும் 1959இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார், அவரைச் சிறு பிள்ளையாகவே விளித்து. காம்யு 1960 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தார். அந்தக் கடிதங்கள் காலத்தில் எழுதப்பட்டன என்பதை எண்ணிப்பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் படித்த ஆண்டு, பிரிவு, உடன் படித்த இரண்டு மூன்று பேரின் பெயர், அவர் நடத்தியவற்றுள் உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு பாடம் ஆகியவற்றை எழுதுங்கள். கண் பார்வை மங்கியிருக்கலாம் என்பதால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். போகும் நாளை அவர் வீட்டாரிடம் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்யுங்கள். பிற்பகல் உறக்க நேரத்தைத் தவிர்த்து விடுங்கள். சால்வையைவிடப் பழங்களும், அவர் விரும்பிப் படிக்கும் இதழுக்கு ஓராண்டுச் சந்தாவும் பயன்படும். அவர் உங்களை நினைவில்லை என்று சொன்னால், நீங்கள் எந்த பெஞ்சில், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நெடுங்காலம் பாடம் நடத்தியவர்களுக்குப் பெயர் மறந்தாலும் இடம் நினைவுக்கு வருவதுண்டு. அதுவும் வராவிட்டால், அந்தப் பாடத்தை அவர் எப்படி நடத்தினார் என்பதை நீங்களே அவருக்கு விரிவாகச் சொல்லுங்கள்.