பி அலை தன் வழியில், கியூஆர்எஸ் தன் வழியில்

கேள்வி: நான் செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்கில் பி அலைக்கும் கியூஆர்எஸ்ஸுக்கும் தொடர்பே இருக்காது என்று படித்திருக்கிறேன். ஆனால் இசிஜி தாளில் சில கியூஆர்எஸ்ஸுக்கு முன்னால் பி அலை சரியாகவே நிற்பதுபோல் தெரிவதால், இரண்டாம் நிலை பிளாக் என்று எழுதிவிடுகிறேன். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அட்ரோபின் கொடுத்தால் போதுமா?

பதில்: பி அலைக்கும் (இசிஜியில் மேலறைகளின் மின்தடம்) கியூஆர்எஸ்ஸுக்கும் (கீழறைகளின் மின்தடம்) உள்ள உறவை முதலிலேயே தேடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்கில் மேலறைகளில் பிறக்கும் மின்தூண்டல் ஒன்றுகூடக் கீழறைகளுக்கு இறங்குவதில்லை. இதயத்தின் இயல்பான தாளமையமான சைனஸ் முனை தன் வேகத்தில் மேலறைகளை இயக்கிக்கொண்டிருக்க, தடைக்குக் கீழே உள்ள ஒரு மாற்று மையம் தன் மெதுவான வேகத்தில் கீழறைகளை இயக்கி உயிரைக் காக்கிறது. இரண்டு தாளங்களும் தனித்தனியே ஒழுங்கானவை என்பதால், அவ்வப்போது ஒரு பி அலை ஒரு கியூஆர்எஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்பது தற்செயலே.

வழக்கமான வேகத்தில் ஓடும் இசிஜி தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. பி அலைகள் 4 கட்டங்களுக்கு ஒருமுறையும் கியூஆர்எஸ் 9 கட்டங்களுக்கு ஒருமுறையும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதாவது மேலறைகள் நிமிடத்துக்கு 75, கீழறைகள் ஏறத்தாழ 33. முதல் கியூஆர்எஸ்ஸுக்கு 1 கட்டம் முன்னால் பி அலை இருந்தால் பிஆர் இடைவெளி (பி அலையிலிருந்து கியூஆர்எஸ் வரையிலான நேரம்) 0.2 விநாடி என்று இயல்பாகத் தோன்றும். அடுத்ததில் அதுவே 2 கட்டம், அதற்கடுத்ததில் 3 கட்டம், நான்காவதில் பி அலை கியூஆர்எஸ்ஸுக்குள்ளேயே புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பிஆர் படிப்படியாக நீண்டு, பிறகு ஏதோ விடுபட்டதுபோல் தெரியும் இந்த இடத்தில்தான் வென்கபாக் (பிஆர் நீண்டுகொண்டே போய் ஒரு துடிப்பு விடுபடும் இரண்டாம் நிலை பிளாக்) என்று எழுதக் கை துறுதுறுக்கும். அப்போது ஆர்-ஆர் இடைவெளியை, அதாவது அடுத்தடுத்த இரண்டு கியூஆர்எஸ்ஸுக்கு இடையே உள்ள தூரத்தை, அளந்து பாருங்கள். வென்கபாக்கில் ஒரு துடிப்பு விடுபடுவதால் ஆர்-ஆர் சீராக இருக்காது. இங்கே நான்கு கியூஆர்எஸ்ஸுக்கும் இடையே அச்சுப் பிசகாமல் 9 கட்டங்கள். மொபிட்ஸ் இரண்டாம் வகையிலும் (பிஆர் நீளாமலேயே துடிப்பு விடுபடும் இரண்டாம் நிலை பிளாக்), இரண்டு பி அலைக்கு ஒன்றை மட்டும் கடத்தும் பிளாக்கிலும், கடத்தப்படும் துடிப்புகளின் பிஆர் மாறாது. ஆர்-ஆர் சீராக இருந்து பிஆர் மட்டும் மாறிக்கொண்டே போனால், கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்றே முதலில் எண்ணுங்கள்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதம் போதும். அதன் விளிம்பில் இரண்டு பி அலைகளின் உச்சியைக் குறித்துக்கொண்டு, தாளின் மீது நகர்த்திக்கொண்டே போங்கள். கியூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் டி அலையின் தோளில் தெரியும் சிறு புடைப்புகூட ஒளிந்திருந்த பி அலைதான் என்று அப்போது தெரியவரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை) உள்ளவருக்குப் பி அலையே இருக்காது. எப்போதும் தாறுமாறாக ஓடும் அவருடைய நாடி திடீரென்று மெதுவாகவும் ஒரே சீராகவும் மாறினால், அது நலம் திரும்பியதன் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள்; கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் வந்திருக்கலாம். குறிப்பாக டிகாக்சின் என்ற இதய மருந்தை எடுப்பவரானால் உடனே இசிஜி எடுக்க வேண்டும்.

அடுத்துக் கியூஆர்எஸ்ஸின் அகலத்தைப் பாருங்கள். குறுகலாக இருந்து வேகம் 40 முதல் 60 வரை இருந்தால் தடை பெரும்பாலும் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் ஏவி முனையில் இருக்கும். இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பில் வரும் இவ்வகை பல நேரங்களில் தானே விலகிவிடும். அகலமாக இருந்து வேகம் 20 முதல் 40 வரை இருந்தால் தடை அதற்கும் கீழே இருக்கிறது; அந்த மாற்றுத் தாளம் எந்த நொடியும் நின்றுபோகக்கூடும். வயதால் மின்பாதை நார்த்திசுவாக மாறுவதும், முன்சுவர் மாரடைப்பும், இதய வால்வு அறுவை சிகிச்சையும் இதற்கு முக்கியக் காரணங்கள். பீட்டா பிளாக்கர், வெராபமில், டில்டியாசெம் போன்ற, துடிப்பை மெதுவாக்கும் மருந்துகளையும் பொட்டாசியம் மிகையையும் தேடிப் பார்க்க வேண்டும், அவை சரிசெய்யக்கூடியவை.

தாளை விட்டு நோயாளியிடம் வாருங்கள். மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர்ந்து வியர்த்த தோல், குறைந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது அவசரநிலை. உயரமான டி அலையையும் மானிட்டர் சில சமயம் துடிப்பாக எண்ணிவிடும் என்பதால், நாடியை முழு ஒரு நிமிடம் கையால் எண்ணுங்கள். கழுத்துச் சிரையில் இடையிடையே பெரிய துள்ளல் தெரிந்தால், மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்குகிறது என்று பொருள்.

துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் மட்டும் போதாது. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலின்படி 1 மி.கி. சிரைவழியாக, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை கொடுக்கலாம். ஆனால் அது ஏவி முனையில் வேலைசெய்யும் மருந்து. அகலமான கியூஆர்எஸ் உள்ளவரிடம் பெரும்பாலும் பலிக்காது. ஆகவே ஒருவர் அட்ரோபினை எடுக்கும்போதே மற்றொருவர் பேசிங் (வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைப்பது) பட்டைகளை ஒட்ட வேண்டும். பேசிங் அமையும்வரை டோபமின் அல்லது எபிநெஃப்ரின் துளிச்செலுத்தல் கைகொடுக்கும். அகலமான மாற்றுத் தாளத்தை வென்ட்ரிகுலர் (கீழறை) தாளக்கோளாறு என்று கருதி, அதை அடக்கும் லிடோகெயின் கொடுத்துவிட்டால், மிஞ்சியிருக்கும் ஒரே துடிப்பும் அடங்கிப்போகலாம்.

தோல்வழி பேசிங்கில், ஒவ்வொரு தூண்டல் கோட்டுக்குப் பின்னும் அகலமான கியூஆர்எஸ்ஸும் டி அலையும் வருகின்றனவா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல் தொடைநாடியைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துத் தசை துடிப்பது நாடிபோலவே விரலுக்குத் தெரியும் என்பதால் கழுத்துநாடியை நம்ப வேண்டாம். நினைவோடு இருப்பவருக்கு இது கடுமையாக வலிக்கும். வலிநிவாரணியும் தணிப்பு மருந்தும் கேட்டு வாங்குவது உங்கள் கடமை. நிலைமை நீடித்தால் சிரைவழி தற்காலிக பேசிங், காரணம் விலகாவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கர். அது பொருத்தியபின் காயத்தில் வீக்கமும் கசிவும் உள்ளனவா என்று பாருங்கள். அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் சில வாரங்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல் வந்தால் நுரையீரல் உறையில் காற்று சேர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணி உடனே மருத்துவரை அழையுங்கள்.