பொதுப்பணத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை: எங்கே, எப்போது பதிவேற்றுவது?

டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியத்தை, அதாவது எங்கள் ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் படிக்க இணையத்தில் சேர்த்துவைக்கும் இடத்தை, பார்த்துக்கொள்கிறேன். நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, என்.ஆர்.எஃப். (தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) உதவித்தொகையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கும் ஓர் இதழ் என் கட்டுரையை ஏற்றிருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட அவர்கள் கேட்கும் கட்டணம் என்னால் முடியாத தொகை. கட்டித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. இந்தப் பயத்தாலேயே பலர் விதியைப் பின்பற்றாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2015 மார்ச் 1 முதல் என்.ஆர்.எஃப். கேட்பது இதுதான்: அவர்கள் பணம் முழுதாகவோ ஓரளவோ சேர்ந்த ஆய்வென்றால், சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட கடைசிப் பிரதியை உங்கள் நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். பதிப்பாளர் தடைக்காலம் (கட்டுரையை இலவசமாகத் திறக்காமல் வைக்கும் காலம்) வைத்தால் அது 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. களஞ்சியத்தில் சேர்க்க ஒரு ரேண்ட்கூடச் செலவில்லை.

கடைசிப் பிரதி என்றால் மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களைச் செய்து நீங்கள் அனுப்பிய வேர்ட் கோப்பு. இதழின் முத்திரையோடு அச்சான பி.டி.எஃப். வேறு, பதிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே அதைப் போடலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பை நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்துத் தேடினால் எது கடைசித் திருத்தம் என்று இணை ஆசிரியர்களுக்கே தெரியாது.

அடுத்த கட்டுரைக்கு, இதழைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதன் தடைக்காலம் எவ்வளவு என்று பாருங்கள். சில இதழ்கள் 12 மாதத்துக்கு மேல் கேட்கின்றன.

ரிசர்ச்கேட்டில் போட்டுவிட்டேன். போதாதா?

போதாது. அது ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ஒரு தனியார் தளம். விதி கேட்பது நிறுவனக் களஞ்சியத்தை.

எங்கள் காசநோய் ஆய்வுக்கு அமெரிக்க என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) பணமும் உண்டு, என்.ஆர்.எஃப். பணமும் உண்டு. எந்த விதியைப் பார்ப்பது?

இரண்டையும் பார்க்க வேண்டும் தம்பி. காலக்கெடுவில் கடுமையானது எதுவோ அதன்படி நடங்கள். என்.ஐ.எச். முன்பு 12 மாதத் தடைக்காலத்தை அனுமதித்தது. 2025 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அது கிடையாது. வெளியான நாளிலேயே பப்மெட் சென்ட்ரல் என்ற அவர்களுடைய இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் படிக்கக் கிடைக்க வேண்டும். இதழ் நேரடியாக அங்கே அனுப்பாவிட்டால், என்.ஐ.எச். கையெழுத்துப் பிரதி அமைப்பில் நீங்களே பதிவேற்ற வேண்டும்.

என்.ஐ.எச்.க்கு அனுப்பும் ஆண்டறிக்கையில், பப்மெட் சென்ட்ரல் கட்டுரைக்குத் தரும் பி.எம்.சி.ஐ.டி. எண்ணைக் கொடுக்க வேண்டும். பலர் பி.எம்.ஐ.டி.யைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பப்மெட் பட்டியலின் எண் மட்டுமே. முழுக் கட்டுரை திறந்திருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அப்புறம், பப்மெட் சென்ட்ரலில் போட்டதால் இங்கே உள்ள களஞ்சியக் கடமை தீர்ந்துவிடாது.

தரவையும் வெளியிட வேண்டுமா? நோயாளிகளின் விவரம் இருக்கிறதே.

கட்டுரைக்கு ஆதாரமான தரவையும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணோடு அங்கீகாரம் பெற்ற களஞ்சியத்தில் வைக்க என்.ஆர்.எஃப். சொல்கிறது. ஆனால் தனிநபர் தகவல்களைக் காக்கும் போபியா சட்டம் இருக்கிறது, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் இருக்கிறது. அவற்றை மீற எந்த விதியும் சொல்லாது. முதலில் நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள்.

இதழ்க் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே கட்டும் என்கிறார்களே?

தென்னாப்பிரிக்க நூலகங்களின் சான்லிக் கூட்டமைப்பு சில பதிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தங்களில் அது உண்டு. பொதுவாகத் தொடர்பு ஆசிரியர் (கட்டுரை எழுதியவர்களில் இதழோடு தொடர்பு கொள்பவர்) ஒப்பந்தத்தில் சேர்ந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அனுப்பும் முன் நூலகத்தில் விசாரியுங்கள்.

நான் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுகளைப் படிக்க ஆசை. போகுமிடமெல்லாம் பணம் கேட்கிறது.

அம்மா, உங்கள் வரிப்பணமும் சேர்ந்துதான் அந்த ஆய்வுகளில் பல நடந்தன. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் கட்டுரையைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் கட்டுரை ஆசிரியர்களைத் துரத்துகிறோம். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். தென்னாப்பிரிக்க இதழ்கள் பலவற்றை சைலோ (SciELO) தளத்தில் படிக்கலாம். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் ரிசர்ச்ஸ்பேஸ் களஞ்சியமும் எல்லோருக்கும் திறந்தது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் கட்டுரையில் இருக்கும் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்.