9 வோல்ட் கீபோர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் போடலாமா?

கேள்வி: எங்கள் சபைப் பாடற்குழுவின் பழைய கீபோர்டுக்கு உரிய அடாப்டர், ஐப்பசி மழையில் இடி விழுந்த இரவோடு போய்விட்டது. கீபோர்டின் பின்புறம் 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. "பழைய அடாப்டர்கள் 9 என்று போட்டிருந்தாலும் 12 தான் கொடுக்கும்" என்று சொல்லி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்காரர் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைத் தருகிறார். வாங்கலாமா? (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். கடைக்காரர் மீட்டரை வைத்தே அதைக் காட்டியிருப்பார். மீட்டரும் பொய் சொல்லியிருக்காது. உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்த, கையில் எடுத்தால் கனக்கிற அந்தக்கால அடாப்டர்களில் பெரும்பாலானவை, எதனுடனும் இணைக்காமல் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும்; கருவி மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் 9-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இப்போது விற்கும் எடை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் அப்படி இறங்காது. 12 என்றால், வாசிக்கும் நேரமெல்லாம் 12 வோல்ட்டையே உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கீபோர்டு ஒரு வாரம் தாங்கலாம், ஒரு வருடமும் தாங்கலாம்; ஆனால் உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் சூடேறிச் சாகும்போது கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

ஆம்பியர் கூடுதலாக இருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மடை திறந்த அளவுதான் வயலுக்குள் போகும். கருவியும் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே 9 வோல்ட், 1 ஆம்பியரும் சரி, 2 ஆம்பியரும் சரி. 850 மில்லி ஆம்பியருக்குக் குறைந்தது மட்டும் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இவ்வகைக் கீபோர்டுகள் பலவற்றின் அடியில் ஆறு பேட்டரிகளுக்கு இடம் இருக்கும்; ஆறு ஒன்றரை வோல்ட் சேர்ந்தால் 9. பேட்டரியில் பாடுகிறது என்றால் கருவி பிழைத்தது, அடாப்டரைத் தேடலாம். பாடவில்லை என்றால் மின்னல் உள்ளேயும் போயிருக்கக்கூடும்; அப்போது அடாப்டர் வாங்குவது வீண் செலவு.

அடுத்தது, எல்லாக் கடைகளிலும் தொங்குகிற 'யுனிவர்சல்' அடாப்டர். 3 முதல் 12 வோல்ட் வரை திருகிக்கொள்ளும் சுவிட்ச், கொத்தாகப் பல பின்கள். துடைக்கும்போது கைபட்டு அந்தச் சுவிட்ச் நகர்ந்தால் கதை முடிந்தது. மலிவான அடாப்டர்களில் வேறொரு ஆபத்தும் உண்டு: 230 வோல்ட் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் கெபாசிட்டர், பழுதானாலும் மின்சாரத்தைக் கடத்திவிடாத தனி வகையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் சாதாரணக் கெபாசிட்டரைப் போட்டுச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். அது உடைந்தால் கீபோர்டின் வழியாக ஆம்ப்ளிஃபயர், மைக் வரைக்கும் வீட்டு மின்சாரம் ஏறும். மைக்கைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையாக இருக்கும்.

இதைத் தடுக்கத்தான் மத்திய அரசு 2012-இல் கட்டாயப் பதிவு ஆணையைக் கொண்டுவந்தது. அடாப்டரின் மேல் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும், R என்ற ஆங்கில எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். ஆணை போட்டாயிற்று, தெருக்கடையில் வந்து பார்ப்பவர் யார்? எண்ணே இல்லாத சரக்கும், யாருடையதோ எண்ணை அச்சடித்த சரக்கும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. ஆகவே அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது: பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை அடித்து, அதில் வரும் நிறுவனத்தின் பெயரும் அடாப்டரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பில் கேளுங்கள். பில் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் எதை நிரூபிப்பீர்கள்?

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள், உங்கள் கருவிக்கு இதுதான் முக்கியம். சந்தையில் கிடைக்கும் அடாப்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பின்னின் உள்துளை பாஸிட்டிவ், வெளி உலோகம் நெகட்டிவ். பழைய கீபோர்டுகள் சிலவற்றுக்கோ இது நேர்மாறு: உள்ளே நெகட்டிவ், வெளியே பாஸிட்டிவ். பின் அளவு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதால், தவறானதும் இறுக்கமாகப் பொருந்திவிடும். கீபோர்டில் அடாப்டர் சொருகும் துளைக்கு அருகே ஒரு சிறு படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றிப் பிறை போன்ற வளைவு. புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிந்தால், உங்களுடையது அந்த மாற்று வகை. "பழைய வயரை வெட்டி ஒட்டித் தருகிறேன்" என்பவர்களிடம் இந்த இடத்தில்தான் முனைகள் மாறிப்போகின்றன. சில கருவிகளில் இதற்குப் பாதுகாப்பு டயோடு இருக்கும். உங்களுடையதில் இருக்கிறது என்று நம்பிச் சொருகாதீர்கள்.

கடையிலேயே மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் உள்துளையிலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொடச் சொல்லுங்கள். கீபோர்டின் படத்தில் புள்ளி கழித்தல் குறிக்குப் போனால், மீட்டரிலும் 9-க்கு முன்னால் கழித்தல் குறி தெரிய வேண்டும். புள்ளி கூட்டல் குறிக்குப் போனால் வெறும் 9 தெரிய வேண்டும். ஒத்துப்போகாத அடாப்டரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.