படித்தவர்களை எடுத்தால் நிற்கமாட்டார்களா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 24 அறைகள் உள்ள ஒரு ஹோட்டல் நடத்துகிறேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று 31 பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் ஐரோப்பாவில் இருந்து ஒரு முகாமையாளரை எடுத்தோம். அவர் வந்த கையோடு, ஊழியர்களின் அர்ப்பணிப்பை அளக்கவென்று ஒரு கேள்விக்கொத்தைக் கொடுத்தார். ஏழு புள்ளிக்கு ஆறுக்கு மேல் சராசரி வந்தது. சந்தோஷப்பட்டோம். சீசன் முடிய ஒன்பது பேர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் ஆறு பேர் பட்டதாரிகள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள். இனிப் படித்தவர்களை எடுக்காமல் விடலாமா? அந்தக் கேள்விக்கொத்தை இனியும் நம்பலாமா? (மழைக்காலத்தில் எல்லோருக்கும் அரைச் சம்பளம்தான். எங்களால் இயன்றது அவ்வளவுதான்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்களை எடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்தக் கேள்விக்கொத்தை, நீங்கள் கொடுத்த விதத்தில் கொடுப்பதாக இருந்தால், நம்பவும் வேண்டாம்.

படிப்புக்கும் பற்றுக்கும் என்ன தொடர்பு என்று நெடுநாளாகவே ஆராய்ந்து வருகிறார்கள். 1990இல் மத்தியூ, ஸஜாக் என்ற இருவர், அதுவரை வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். படிப்புக் கூடக்கூட நிறுவனத்தின் மீதான பற்றுக் கொஞ்சம் குறைகிறது என்றுதான் வந்தது. 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். முழுத் தொடர்பு இருந்தால் 1 என்று வரும் கணக்கில், இது 0.09 அளவில்தான். ஊழியர்களுக்கு இடையில் பற்றில் தெரியும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் படிப்பை வைத்து விளக்க முடியாது என்பதே இதன் பொருள். அந்த ஒரு பங்குக்கும் அவர்கள் சொல்லும் காரணம் சாதாரணமானது: படித்தவர் கூட எதிர்பார்த்து வருகிறார், நிறுவனம் அதைக் கொடுப்பதில்லை, அவருக்குப் போக வேறு இடமும் இருக்கிறது.

எங்கள் ஊரில் அந்த 'வேறு இடம்' எது என்று உங்களுக்கே தெரியும். 2020இல் அரசாங்கம் ஒரே வீச்சில் சுமார் 50,000 பட்டதாரிகளை அரச வேலைக்குப் பயிலுநர்களாக எடுத்தது. இனியும் எப்போதாவது அப்படி ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கும் பிள்ளை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்துவிட்டு உங்கள் ரிசப்ஷனில் வந்து நிற்கிறது. வீட்டில் அம்மா அதை வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை. "இப்போதைக்கு ஹோட்டலில் நிற்கிறான்" என்றுதான் சொல்லுவார். இதில் பட்டத்தின் பிழை என்ன?

அடுத்தது, நிற்பது வேறு, பற்று வேறு. கனடாவைச் சேர்ந்த ஜோன் மேயர், நட்டாலி அலன் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். விருப்பத்தால் நிற்பது, விட்டால் நட்டம் என்பதால் நிற்பது, கடமை என்பதால் நிற்பது. உங்கள் சமையலறையிலேயே மூன்றும் இருக்கும். காலை ஐந்தரைக்குத் தேங்காய் துருவிக்கொண்டு, "நேற்றுச் சம்பல் முடிஞ்சு போச்சு, இண்டைக்கு ரெண்டு தேங்காய் கூடப் போடுறன்" என்று தானாகவே சொல்லுகிறவர் முதல் வகை. இன்னொருவருக்கு அங்கே நாலு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வேலையை விட்டுப் போகும்போது மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்கும். அவர் இன்னும் நாலு மாதம் எப்படியும் நிற்பார். அதற்குப் பிறகு நிற்பாரா என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மூன்றாமவர் உங்கள் மச்சான் சொல்லிச் சேர்ந்தவர். விட்டுப் போனால் மச்சான் முகத்தில் முழிக்க ஏலாது.

மூன்று பேரும் வருகைப் பதிவில் ஒரே மாதிரித்தான் கையெழுத்து வைக்கிறார்கள். ஆனால் வேலையின் தரத்தோடு நல்ல தொடர்பு முதல் வகைக்குத்தான். நட்டத்துக்குப் பயந்து நிற்கிறவரின் வேலை அதனால் கூடுவதில்லை, சில ஆய்வுகளில் குறைந்துகூட இருக்கிறது. ஆகவே சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகள் "அப்படியே இருக்கிறார்கள்" என்று நீங்கள் ஆறுதல்படும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா, போக வழி இல்லையா? மாலைதீவில் இருந்து ஓர் ஏஜென்ட் வந்து கேட்டால் அடுத்த மாதம் எத்தனை பேர் இருப்பார்கள்?

மூன்றாவது வகையை இலேசாக எடுக்காதீர்கள். மேயரும் கூட்டாளிகளும் 2002இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துச் செய்த தொகுப்பாய்வில், வட அமெரிக்காவுக்கு வெளியே கடமை உணர்வின் பங்கு இன்னும் பலமாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வேலைக்கு ஆள் எடுப்பதே ஒருவர் வாக்கில்தானே. ஒருவரின் வாக்கில் மூன்று பேர் வந்திருந்தால், அவரோடு நீங்கள் முறைத்துக்கொண்ட அன்று மூன்று பேரும் போவார்கள். போன ஒன்பது பேரும் யார் யார் மூலம் வந்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டத்தை விட அந்தத் தாள் கூடச் சொல்லும்.

சரி, கேள்விக்கொத்துக்கு வருவோம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர் இந்தக் கரையோரத்தில் ஒரு ஹோட்டலில், ஊழியர் சாப்பாட்டு அறையில் வைத்துப் படிவம் கொடுத்தேன். லோன்டரியில் வேலை செய்த வயதான ஒருவர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மிஸ், எதில கீறினா உங்களுக்கு நல்லம்?" என்று கேட்டார். அவர் பயந்து கேட்கவில்லை. படிக்க வந்த பிள்ளைக்கு உதவுகிறேன் என்றுதான் நினைத்தார். அன்று எனக்குக் கிடைத்த சராசரியும் ஆறுக்கு மேல்தான். அதை வைத்து ஒரு அறிக்கையும் எழுதினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மொழி இன்னொரு பொறி. பற்றை அளக்கப் பலரும் எடுக்கும் மேயர், அலன் படிவத்தில் எதிர்மறை வாக்கியங்கள் உண்டு. இந்த நிறுவனத்தில் குடும்பத்தில் ஒருவராக நான் உணரவில்லை என்ற பொருளில் ஒன்று வரும். ஆங்கிலத்தில் அதற்கு உடன்படுவதும் மறுப்பதும் ஓரளவு தெளிவு. தமிழில் ஒருவரிடம் "நீங்கள் நேற்று வரவில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். வராதவர் "ஓம், வரவில்லை" என்பார், "இல்லை, வரவில்லை" என்றும் சொல்லுவார். இரண்டும் எங்களுக்குச் சரி. அதே ஆளிடம் "உணரவில்லை" என்ற வாக்கியத்தைக் கொடுத்து "உடன்படவில்லை" என்ற பெட்டியில் புள்ளடி போடச் சொன்னால் சிலர் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். அந்த வாக்கியங்களை நேர்மறையாக்கிவிடுங்கள். பிறகு தமிழில் எழுதியதை ஆங்கிலம் தெரிந்த, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சிங்களத்துக்கும் அப்படியே. பல நாடுகளில் ஆய்வு செய்கிறவர்கள் 1970களில் இருந்து இதைத்தான் செய்கிறார்கள். 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லையும் தூக்கிவிடுங்கள். கோயிலுக்கும் மாவீரத்துக்கும் உரிய சொல் அது. அறைக்கு விரிப்பு மாற்றுகிறவரிடம் அதைக் கேட்டால் ஏழு போடாமல் என்ன செய்வார்?

பெயர் எழுதத் தேவையில்லை என்று முகாமையாளர் சொல்லியிருப்பார். உங்களிடம் சிங்களம் மட்டும் வாசிக்கிறவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். சிங்களப் படிவம் மூன்று வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டுமா? 31 பேர் உள்ள இடத்தில் கேள்விக்கொத்தே பொருத்தமான கருவி அல்ல என்பது என் கருத்து. நூற்றுக்கணக்கானவர்களிடம் போக்குப் பார்க்கச் செய்த சாமான் அது. உங்களுக்கு வேண்டியது பேச்சு.

உங்கள் முகாமையாளரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவர் இங்கே வரமுன்னர் பண்பாட்டு வேறுபாடு பற்றி ஏதாவது பயிற்சி எடுத்திருந்தால் ஹொஃப்ஸ்டெட் என்ற பெயர் அதில் வந்திருக்கும். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஊழியர்களிடம் நிரப்பிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விக்கொத்துகளை வைத்து, அதிகார இடைவெளி, தனிமனிதப் போக்கு என்று நாட்டுக்கு நாடு புள்ளி போட்டவர். மேலதிகாரிக்கு எதிராகப் பேசக் கீழே உள்ளவர் ஏன் தயங்குகிறார் என்பதை விளங்கிக்கொள்ள அது உதவும். "நாளைக்கு 20 பேருக்கு பார்பிக்யூ செய்யலாமா?" என்று அவர் கேட்க, சமையல்காரர் "சரி சேர்" என்கிறார். அந்தச் 'சரி'க்குக் 'கேட்டது விளங்கியது' என்றுதான் அர்த்தம், 'என்னால் முடியும்' என்று அல்ல. "இதில் எங்கே சிக்கும்?" என்று கேட்கப் பழக்குங்கள். கரி இல்லை, மீன் லொறி பத்துக்குப் பிறகுதான் வரும் என்று அப்போது வாய் திறக்கும்.

ஆனால் அந்தப் புள்ளிகளை ஆளுக்கு ஆள் ஒட்டக்கூடாது. 2016இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, வேலை பற்றிய மதிப்பீடுகளில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் ஒரே நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாடுகளுக்கு இடையில் மிச்சம்தான். 2012 கணக்கெடுப்பில் எந்த ஒரு சமூகமும் பாதியை எட்டாத மாவட்டம் எங்களுடையது. "முஸ்லிம் பையன்கள் இப்படி, சிங்களப் பையன்கள் அப்படி" என்று முகாமையாளரிடம் யாராவது சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வகுப்பை நிறுத்துங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது நாட்காட்டி. சித்திரைப் புத்தாண்டு உங்கள் சீசன் தொடங்கும் நேரத்திலேயே வருகிறது, தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒன்றாக. அந்த மூன்று நாளும் முஸ்லிம் ஊழியர்கள் தாங்குகிறார்கள். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. வெசாக் மே மாதத்தில். யாருக்காக யார் நின்றார்கள் என்பதை எழுதி வைத்து, திருப்பிக் கொடுக்கும் முறை உங்கள் ரோஸ்டரில் இருக்கிறதா? இல்லையென்றால் மனக்கசப்பு அங்கேதான் சேர்கிறது.

ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வருகிறது. ஓரிடத்தில் தமிழ் மேற்பார்வையாளர் ஒருவர், சிங்களப் பையன் தன்னை எப்போதும் 'ஐயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவதாகப் பூரித்துப்போய் இருந்தார். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். பையன் உறவு கொண்டாடியிருக்கிறான். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இனி அடைப்புக்குறிக்குள் உள்ளதற்கு வருகிறேன். மழைக்கு அரைச் சம்பளம். விருந்தினர் இல்லாததால் சேர்விஸ் சார்ஜும் இல்லை. அப்படியென்றால் கார்த்திகை, மார்கழியில் அந்தப் பிள்ளையின் கைக்கு வருவது பாதிக்கும் குறைவு. நாங்கள் இங்கே மழையில் இருக்கும்போது தெற்கில் ஹிக்கடுவவிலும் மிரிஸ்ஸவிலும் சீசன் உச்சம். ஆங்கிலம் பேசத் தெரிந்த பட்டதாரிக்கு அங்கே ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை கிடைக்கும். உங்கள் ஒன்பது பேரும் போனது சீசன் முடியத்தானே? சாதாரண தரத்தோடு நின்றவருக்கு மழைக்காலத்தில் வலையும் வயலும் இருக்கலாம், அதனால் அவர் தாக்குப்பிடிக்கிறார். படிப்பு இங்கே செய்த வேலை, வெளியே போகும் கதவைத் திறந்துவிட்டது மட்டும்தான். தள்ளிவிட்டது சம்பளம்.

முழுச் சம்பளம் கொடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் கணக்குப் புத்தகம் என்னிடம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அரை என்பதற்குப் பதிலாக, தேவையான பத்துப் பேருக்கு முழுதாகக் கொடுத்து, மற்றவர்களுக்குத் திரும்பும் திகதியையும் திரும்பி வந்தால் ஒரு தொகையையும் கடிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படி அனுப்பும்போது ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடைச் சேவைக்காலம் இரண்டும் என்னாகும் என்று தொழில் திணைக்களத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கில் ஒரு ஹோட்டலோடு பேசி ஆட்களை மாற்றிக்கொள்வதும் நடக்கக்கூடியதுதான். அவர்களுக்கு ஆள் தேவைப்படும் மாதங்களில் உங்களுக்கு ஆள் மிச்சம்.

எடுக்கும்போதே உண்மையைச் சொல்லுங்கள். மழைக்கு இவ்வளவுதான், இரவு முறை இத்தனை, முதல் வருடம் பதவி உயர்வு இல்லை. சிலர் அங்கேயே எழும்பிப் போவார்கள், போகட்டும். பட்டதாரிக்குச் சாவிக் கொத்தை மட்டும் கொடுத்து நிறுத்தாமல் ஒரு கணக்கை அவர் பொறுப்பில் விடுங்கள்: சமையலறை வீண்செலவு, அல்லது இணையத்தில் விருந்தினர் எழுதும் குறைகளுக்குப் பதில். இரண்டு சீசன் நின்று அதை ஒழுங்காக்கிவிட்டுப் போனாலும் உங்களுக்கு இலாபம்தான்.

போன ஒன்பது பேரில் நாலைந்து பேரையாவது தேடிப் பேசுங்கள். நீங்களும் வேண்டாம், முகாமையாளரும் வேண்டாம், ஹோட்டலில் பங்கு இல்லாத, அவர்களுக்கு மதிப்புள்ள ஒருவர் பேசட்டும். "ஏன் போனாய்?" என்று கேட்டால் "வீட்டுப் பிரச்சினை" என்று வரும். "போக வேணும் என்று முதல்முதல் நினைத்தது எந்த நாள்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.