வெட்டிப் பாத்தால் வெள்ளைக்கொழும்பான்

நினையாத முடிவைச் சொல்லுற ஆங்கிலத் தொடர்களைப் பற்றி, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரிட்டைக் கேட்டதுகளும் அவ சொன்னதுகளும்.

சுன்னாகம், ஏ.எல். மாணவி: ரீச்சர், ‘டேர்ன்ட் அவுட்’ எண்டால் ‘மாறியது’ தானே? ரியூசனிலை அப்பிடித்தான் எழுதித் தந்தவை.

இல்லைப் பிள்ளை. திருநெல்வேலிச் சந்தையிலை கறுத்தக்கொழும்பான் எண்டு 12 மாம்பழம் வாங்குறீர். வீட்டை வந்து வெட்டி ஒரு துண்டை வாயிலை வைச்சால் வெள்ளைக்கொழும்பான். பழம் வழியிலை மாறினதோ? மரத்திலையே அது வெள்ளைக்கொழும்பான்தான். உமக்குத் தெரிஞ்சதுதான் இப்ப. அதைத்தான் ‘டேர்ன்ட் அவுட் டு பி’ சொல்லுது. ‘வெட்டிப் பாத்தால்’ எண்டுறமே, அந்தப் ‘பாத்தால்’ தான் இதுக்குத் தமிழ். உண்மையிலையே மாறினதுக்கு ‘பிகேம்’ இருக்கு. (என்னை ஏமாத்தின வியாபாரியிட்டை அடுத்த கிழமையும் வாங்கினனான். அது வேறை கதை.)

கொக்குவில்: அப்ப ‘என்டட் அப்’?

அது கடைசியிலை போய் நிண்ட இடத்தைச் சொல்லும். நல்லூர்த் தேர் பாக்க வெளிக்கிட்டு, சனத்துக்குள்ளை பிள்ளையளோடை போகேலாமல் ஐஸ்கிரீம் கடையிலை குந்தியிருக்கிறியள்: ‘வி என்டட் அப் ஈட்டிங் ஐஸ்கிரீம்’. ‘ஈட்டிங்’ தான் வரும், ‘டு ஈட்’ வராது. இதிலை பிழைவிடாத பிள்ளையை நான் இன்னும் காணேல்லை.

நயினாதீவு: மகன்ரை பயிற்சியிலை ‘ஹி ரான் டு த ஜெட்டி, ஒன்லி டு ஃபைண்ட் த போட் கோன்’ எண்டு இருக்கு. ‘படகு போனதைக் காண மட்டும் ஓடினான்’ எண்டு எழுதியிருக்கிறான். அதைப் பாக்க ஆர் ரீச்சர் ஓடுவினம்?

நல்லாச் சிரிச்சன் அக்கா. இந்த ‘ஒன்லி டு’ நோக்கமில்லை, ஏமாற்றம். குறிகட்டுவானிலை பஸ்ஸாலை குதிச்சு, பையும் கையுமா இறங்குதுறைக்கு ஓடிப்போய்ப் பாத்தால் வள்ளம் வெளிக்கிட்டிட்டுது. திரும்பவும் அதே ‘பாத்தால்’ தான், கண்டியளோ?

பருத்தித்துறை: ‘பேக்ஃபயர்’ எண்டால் மோட்டார்சைக்கிள் சைலன்சர் வெடிக்கிறதெண்டுதான் எனக்குத் தெரியும். செய்தியிலை ‘பிளான் பேக்ஃபயர்ட்’ எண்டுறாங்கள்.

அதே வெடிதான் அண்ணை, ஆனால் திட்டம் போட்ட ஆளிலையே வெடிக்குது. மகன் படிக்கட்டும் எண்டு போனைப் பறிக்கப் போய், அவன் பக்கத்து வீட்டுப் போனிலை விடிய விடிய கேம் விளையாடுறான். அந்தப் ‘பறிக்கப் போய்’ தான் பேக்ஃபயர். மழையிலை கலியாணப் பந்தல் நனைஞ்சால் அது பேக்ஃபயர் இல்லை. மழை உங்கடை திட்டமில்லையே. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதும் முழுக்கப் பொருந்தாது. அந்தக் குரங்கு பிடிச்சவனைக் கடிக்கேல்லை.

மானிப்பாய்: ‘அவுட் ஆஃப் த ப்ளூ’?

முகிலில்லாத நீல வானத்திலை இடி. திடீரெண்டு வந்ததை மட்டும் சொல்லும். நல்லதோ கெட்டதோ எண்டு சொல்லாது. 10 வருசமாப் பேசாத கனடா மச்சான் விடியப்புறம் கோல் எடுத்தால் இதுதான்.

மானிப்பாய், திரும்பவும்: தேர்தல் செய்தியிலை வாற ‘டேர்ன்அவுட்’ டும் மாம்பழக் கதையோ?

இல்லை. அது வாக்குப் போட வந்த ஆக்களின்ரை தொகை.