இடம்: சேலம், தேதி, கையெழுத்து

சேலம் சூரமங்கலத்திலிருந்து டொராண்டோ வந்து ஐந்து மாதம், நூற்றைம்பது இடத்துக்கு ரெசுமே அனுப்பியும் ஒரு அழைப்பும் இல்லை, எதைத் திருத்துவது, எந்த டெம்ப்ளேட் நல்லது, குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஜாக்கெட் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். டெம்ப்ளேட்டும் பெரிய விஷயமில்லை. கட்டமும் படமும் இல்லாமல் சாதாரணமாக இருக்கட்டும்; ரெசுமேவை முதலில் படிக்கிற மென்பொருள் கட்டத்துக்குள் இருப்பதைப் பல நேரம் தாறுமாறாக எடுத்துக்கொள்ளும்.

2009 பிப்ரவரியில் நான் வந்தபோது கையில் இருந்தது நாலு பக்க ரெசுமே. ஐந்து ரோடு பக்கம் ஒரு டிடிபி கடையில் அடித்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆகவில்லை, பாஸ்போர்ட் எண், ஓரத்தில் போட்டோ. கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’, இடம்: சேலம், கையெழுத்து. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் தங்கிக்கொண்டு, அதையே பிரதி எடுத்து மூன்று மாதம் பஸ்ஸில் அலைந்து கொடுத்தேன். வயது, மதம், குடும்பம் எல்லாம் இங்கே வேலை கொடுப்பவர் பார்க்கக் கூடாத விஷயங்கள். நாமே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம், ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இரண்டு பக்கம் போதும்.

நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு உதவ உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, பென்சிலால் முக்கால்வாசியை அடித்தார். ‘தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு’ என்ற வரியில் நிறுத்தி, “பொறுப்பு சரி, நீ என்ன செய்தாய்?” என்றார். சேலத்தில் எங்கள் பட்டறையில் நூற்றுக்கு 9 உருப்படி ரிஜெக்ட் ஆனதை ஒரே வருடத்தில் 4 ஆக்கியிருந்தோம். அதைச் சொன்னேன். “இதை ஏன் எழுதவில்லை?” செய்ததைத் தானே சொல்வது தற்பெருமை என்று வளர்ந்தவன் நான். இங்கே அது தகவல். அன்று கற்றுக்கொண்டேன், பிறகு அதே நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் திருத்திக் கொடுத்தேன். உங்கள் ஃபவுண்டரி வேலையிலும் இப்படி எண்கள் இருக்கும், யோசித்து எடுங்கள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. ‘கனடா அனுபவம்’, அதாவது இங்கே ஏற்கனவே வேலை பார்த்ததாக, ரெசுமேயில் போட்டுத் தருகிறேன் என்று நம் ஆட்களிலேயே சிலர் பணம் கேட்பார்கள். இல்லாத கம்பெனி, விசாரித்தால் எடுத்துப் பேச ஒரு போன் நம்பர். என்னோடு தங்கியிருந்த பையன் 600 டாலர் கொடுத்தான். வேலையில் சேர்ந்து ஏழாவது வாரம் விசாரணையில் பொய் தெரிந்து, அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊரில் வீட்டை அடமானம் வைத்து வந்தவன். பணம் வாங்கியவர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. நமக்கு முன்னால் வந்தவர்கள் என்ற ஒரே தகுதியை வைத்துப் புதியவர்களிடம் பிடுங்குகிற இவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கனடா அனுபவத்தைக் கட்டாயமாக்குவது பாகுபாடு என்று டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. சேலம் அனுபவத்தைச் சேலம் என்றே எழுதுங்கள்.

எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். பக்கத்து ஊரான மிசிசாகாவில் நேர்காணல் எடுத்தவர், சேலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். படிக்கும்போது உருக்காலைக்குப் பயிற்சிக்குப் போனதையும், ஸ்டெயின்லெஸ் தகட்டிலிருந்து நாணயமாக அச்சடிக்கப்போகும் வில்லைகள் வெட்டி விழுவதைப் பார்த்து நின்றதையும் சொன்னேன். அரை மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். வெளியே வந்து, காலிங் கார்டு போட்டு சேலம் அம்மாபேட்டையில் வீட்டுக்குப் பேசினேன். அங்கே இரவு எட்டு மணி, தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காதில் விழவில்லை. தறியை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டு, “மறுபடி சொல்லு கண்ணு” என்றார்.